அவரை இலைக் கடல்

எங்கள் மாமு ஜீப் ஓட்டினார். விடியற்காலையில் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலை ரோட்டில் மேலே போவார். ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் இருப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தாலும் அவர் முகம் மாறாது. அப்படிப்பட்டவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அது நிறையச் சித்திரக்கதைப் புத்தகங்கள்.

அவர் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா மலைக்கு மேலே கடை வைத்திருந்ததால் மாதத்துக்கு ஒருதரம்தான் வருவார். மாமுவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பெட்டியைப் பார்த்தாலே கோபம் வரும்.

“பொம்மைப் புத்தகம் படிக்கிறவன்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்?”

“யாரு படிக்கிறா? வச்சிருக்கேன். அம்புட்டுத்தான்.”

அது பொய்யில்லை. எல்லாம் மனப்பாடம் என்பதால் அவர் படிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே காய்ந்த வேப்பிலை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து உறைக்கு மேலேயே துடைப்பார். பிரிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் நம்பர் புத்தகம் இருந்தது. ஒரு காது அறுந்த மாலுமியின் கதை. அவனைக் காதறுந்தான் என்போம். மாதாமாதம் அவன் ஏதாவது ஒரு கடலில் மாட்டிக்கொண்டு தப்பி வருவான். அவனை வரைந்தவர் ஒரே ஓவியர். மெட்ராஸில் இருந்தார். மாமுவுக்கு அவருக்கு மேலே ஆள் கிடையாது.

நான் இரண்டாம் வகுப்பு லீவில் அந்த முதல் நம்பரைத் திறந்துவிட்டேன். அம்மா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தது. முதல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறைமேல் நிற்கிறான். எழுத்து ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்னால் கோடு கோடாக, கண்ணுக்கு எட்டியவரை கோடு. எல்லாம் வளைந்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றால் தெரிவது அதுதான். ஆடிக் காற்றில் வயல். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நிறமில்லாமல் கிடந்ததுதான் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் போர்டுக்கு அவரை இலை தேய்ப்போம். பந்தலில் ஒரு கை பறித்துவந்து கோடு விடாமல் தேய்த்தேன். பாறைக்குச் செங்கல் பொடி. நன்றாகத்தான் வந்தது. அப்புறம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு கப்பல் வந்தது.

வயலுக்குள் கப்பல் எப்படி வரும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அது வயல் இல்லை, கடல் என்று புரிந்தது. புத்தகத்தை மூடி, வேப்பிலையை வைத்து, உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே அடியில் வைத்துவிட்டேன். மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் மாமு துடைத்து முடிக்கும் வரை பக்கத்து வீட்டில் இருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தது. தேனிப் புத்தகக் கண்காட்சிக்கு ஓவியர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வாசகர்களைச் சந்திக்கிறார். மாமு அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜீப்பைக் கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, ஞாயித்துக்கிழமை தேனிக்கு வர்றியா?”

அதுவரை அவர் என்னைத் தெருமுனைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. அம்மா கேட்டது.

“இவள எதுக்குடா?”

“புத்தகக் கண்காட்சிக்கு அக்கா. பிள்ளைக நாலு புத்தகத்தப் பார்க்கணும்ல.”

என்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமு முதல் நம்பரை எடுத்துப் பைக்குள் வைத்தார். அதோடு பெருமை போய்விட்டது. வயிறு வலிக்கிறது என்றேன். போகும் வழியில் சோடா வாங்கித் தருவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டார்.

வருடம் முழுக்கப் பேசாதவர் அன்றைக்குப் பேசிக்கொண்டே ஓட்டினார். உத்தமபாளையம் தாண்டி இரண்டு பக்கமும் வயல்.

“ஒரு ஆளு, ஒரு பேனா. கடலக் கொண்டாந்து ரெண்டு பக்கத்துல வச்சிருக்காரு. நம்ம இங்கன கிடந்து எப்பக் கடலப் பார்க்கப் போறோம்? அதப் பார்த்தாப் போதும்.”

சின்னமனூர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“மாமு, அந்தப் புத்தகத்துல முதப் பக்கத்துல...”

“தெரியுதுடி. உனக்கும் பார்க்கணும். அங்கன போயி அவரு கையாலயே திறக்கட்டும். அதுக்குத்தான் இத்தன வருசம் திறக்காம வச்சிருக்கேன்.”

நான் வெளியே திரும்பி ஓடுகிற வயல்களை எண்ண ஆரம்பித்தேன்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உள்ளே ஒரு மூலையில் மேசை போட்டிருந்தது. அதற்கு முன்னால் வரிசை. பதினைந்து ஆண்கள் இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. இன்னொரு கையில் ஒரு பிள்ளை. ஒருவர்கூடப் பிள்ளை இல்லாமல் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர் போடிக்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா. முறுக்குத் தின்கிற பையனைப் பிடித்திருந்தார். அவராகவே மாமுவிடம் பேச்சுக் கொடுத்தார். பையன் கூட்டிப்போகச் சொல்லி மூன்று நாளாக ஒரே அழுகையாம்.

“இங்கயும் அதே கததான். இவ விடமாட்டேன்னுட்டா.”

நான் மாமுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் காதறுந்தானின் காது எந்த நம்பரில் வலது பக்கம், எந்த நம்பரில் இடது பக்கம் என்று அரைமணி நேரம் பேசினார்கள். பையன் என் பக்கம் குனிந்தான்.

“எனக்கு இந்தப் புத்தகமே பிடிக்காது. வந்தா ஐஸ் வாங்கித் தர்றேன்னாக, வந்தேன்.”

ஓவியர் ஒல்லியாக, வயதானவராக இருந்தார். நகக்கண்ணில் மை. ஒவ்வொருவரும் பிள்ளையை முன்னால் தள்ளி, “இவனுக்கு உயிர் சார்” என்றார்கள். அவர் சிரிக்காமல் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடிக்காரர் முறை வந்ததும் தயங்கினார்.

“சார், பையன் பேரு வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்.”

“ஏன், புத்தகம் பையனோடதுதானே?”

“ஆமா சார். ஆனா அவன் அடிக்கடி மனசு மாறுவான்.”

அடுத்து நாங்கள். மாமு சட்டையைச் சரிசெய்துகொண்டார். பையிலிருந்து முதல் நம்பரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“சார், இது இவ புத்தகம். சின்னப் பிள்ளையில இருந்து உயிரா வச்சிருக்கா.”

ஓவியர் உறையைப் பிரித்தார். வேப்பிலை உதிர்ந்தது.

“முதல் நம்பரா? என்கிட்டயே இது கிடையாதே.”

திறந்தார்.

பச்சை போயிருந்தது. மூன்று வருடத்தில் இலைச்சாறு காய்ந்து, இரண்டு பக்கமும் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. என் தோளில் மாமுவின் கை இருந்தது. கியர் பிடிக்கிற கை. அது இறுகியது. ஆனால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. புத்தகம் என்னுடையது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

ஓவியர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது நீ அடிச்சதாம்மா?”

“ஆமா.”

“எத வச்சு?”

“அவரை இலை. அப்பப் பச்சையா இருந்துச்சு.”

“பச்சையாத்தான் இருக்கும்.” விரலால் பக்கத்தைத் தடவினார். “இப்ப அறுப்புக்கு வந்துருச்சு.”

போடிக்காரர் எட்டிப் பார்த்தார். “கடலுக்குப் போயி இந்தக் கலரா பாப்பா?”

“வயல்னு நெனச்சேன்” என்றேன்.

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஓவியர் சிரிக்கவில்லை.

“உங்க ஊர்ல காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?”

“மேக்க. மெட்டுப் பக்கமிருந்து.”

“நெல்லு?”

“கெழக்க சாயும்.”

“சாயும், சாயும்” என்றார். பிறகு என்னிடம்தான் கேட்டார், மாமுவிடம் இல்லை. “இந்தப் புத்தகத்த எனக்குத் தர்றியா?”

நான் மேலே பார்த்தேன். மாமு மண்டபத்துக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.

“அவ புத்தகம் சார். அவளையே கேளுங்க.”

“எடுத்துக்கங்க” என்றேன். வீட்டுக்கு அது திரும்பி வராமல் இருப்பதே எனக்கு நல்லதாகப் பட்டது.

அவர் ஒரு பெரிய தாளை எடுத்தார். மாமுவிடம் என்ன வேலை என்று கேட்டார். ஜீப் ஓட்டுவதாக மாமு சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காதறுந்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். பின்னால் மலை. வண்டியில் கொள்ளாத அளவுக்குக் மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காடை போட்ட பெண்கள். ஓவியர் நிமிர்ந்தார்.

“உங்க பேரு?”

“என் பேரா சார்?”

“உங்க பேருதான்.”

மாமு சொன்னார். அந்த வரிசையில் பெரிய ஆள் ஒருவரின் பெயரை ஓவியர் எழுதியது அதுதான் முதல்தரம். போடிக்காரர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

“சார், அப்ப என் பேரையும் போட்டுத் தந்துருங்க.”

அதற்குப் பிறகு வரிசையில் பிள்ளைகளின் கையை ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நாங்கள் எல்லாம் மண்டபத்து வாசலில் ஓடிப்பிடித்து விளையாடினோம்.

திரும்பும்போது வீரபாண்டி வரை மாமு ரோட்டையே பார்த்து ஓட்டினார். தாள் சுருட்டி என் மடியில் இருந்தது. வெயில் சாய்ந்திருந்தது.

“எப்ப அடிச்ச?”

“ரெண்டாப்புல.”

“இத்தன வருசத்துல சொல்லணும்னு தோணலையா?”

“சின்னமனூர்ல சொல்ல வந்தேன்ல.”

ஜீப்பை ஓரமாக நிறுத்தினார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெட்டிக்கடையில் எனக்கு ஐஸ் வாங்கிக்கொடுத்தார். அவரும் ஒன்று தின்றார்.

வீட்டில் அம்மா தாளை விரித்துப் பார்த்தது. “உன்னயத்தான் வரைஞ்சிருக்காகளா? ஒரு காதக் காணோம்” என்றது. மாமு படத்துக்குக் கண்ணாடி போட்டு ஜீப்பில் மாட்டினார். தோட்டத்துக்குப் போகிற பெண்கள் காதறுந்தான் வண்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் அவருக்கு நிக்காஹ் நடந்தது. படத்தால் பெண் கிடைக்காமல் போகவில்லை.

முதல் நம்பர் இருந்த இடத்தில் மாமு வேறு எதையும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது அந்த இடத்தையும் துடைப்பார். என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எனக்குக் கல்யாணமான வருடம் ஏர்வாடி தர்காவுக்குப் போனோம். அங்கேதான் முதலில் கடலைப் பார்த்தேன். வெகுநேரம் நின்றேன். வீட்டுக்காரர் போகலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டார். கடல் வந்தது, போனது, புரண்டது. ஒரே பக்கமாகச் சாயவே இல்லை. செல்லில் மாமுவைக் கூப்பிட்டேன். மேலே எங்கோ ஏற்றத்தில் ஜீப் முக்குகிற சத்தம் கேட்டது.

“மாமு, கடலப் பார்த்துட்டேன்.”

“எப்படி இருக்கு?”

“அவரு வரைஞ்ச மாதிரி இல்ல. இது சாயல மாமு. அவரு வரைஞ்சது நெல்லு.”

ஜீப் நின்றது. பெண்கள் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பது காதில் விழுந்தது.

“மெட்ராஸுக்குப் போறதுக்கு முன்னால வரைஞ்சிருப்பாரு. அவரும் அதுவரைக்கும் கடலப் பார்க்கல போல” என்றார் மாமு. பிறகு, “அப்ப அது அவருகிட்டயே இருக்கட்டும்” என்றார். கியர் போடுகிற சத்தம் கேட்டது.

காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஓவியர் கேட்டபோது, என்னை அடியிலிருந்து காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். உங்களுக்கு எந்த ஊர் என்று நான் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை.