சம்பந்தி கொடுத்த நாற்று

கீழப்பாவூரில் முத்துச்செல்வியின் அரை ஏக்கருக்குள் செருப்புக்காலோடு யாரும் இறங்கிவிட முடியாது. வரப்பில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். உழவுக்கு வந்த டிராக்டர்காரர், கலப்பையையும் கழுவச் சொன்னதும், "எக்கா, இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். "ஆமா, ஆஸ்பத்திரிதான். கழுவுங்க" என்று அவள் குழாயை நீட்டினாள்.

சும்மா வந்த பிடிவாதமா அது? மூன்று வருஷமாகத் தக்காளி அவளை அழவைத்திருந்தது. காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி, தண்ணீர் பாய்ந்த மண்ணிலேயே மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டு முண்டாக வீங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் குடியேறிச் செய்கிற வேலை. காலிலும் கலப்பையிலும் ஒட்டின மண்ணோடு அது வயலுக்கு வயல் போகும். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த அவள் கணவர் இசக்கிராஜா, குருணை மருந்தை வாங்கித் தூவினார். புழு செத்ததோ என்னவோ, வயலில் மேய்ந்த நாலு கோழி செத்தது. அந்த வயல் கிணற்றுத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்தது சண்டை.

"ஒரு வருஷம் எனக்கு விடுங்க. அதுக்குப் பெறகும் வேருல முடிச்சு வந்தா, குருணையோ குண்டோ எதை வேணும்னாலும் போட்டுக்கிடுங்க" என்றாள். அவரும் சரி என்றார்.

அந்த ஒரு வருஷம் அவள் பட்ட பாடு! ஆனியில் அரை ஏக்கரும் நெருக்கமாகக் கேந்தி, அதான் துலுக்கச் சாமந்தி, நட்டாள். கேந்தி வேர் நூற்புழுவுக்கு ஆகாது. ஓணத்துக்கு மலையாளத்து வியாபாரிகள் வந்து பூவை அள்ளிப்போனதும், செடியை அப்படியே மடக்கி உழுதாள். வேப்பம் புண்ணாக்கைச் சுமந்து போட்டு, கையிலிருந்த நாற்றத்தில் நாலு நாள் சோறு இறங்கவில்லை. புழுவின் முட்டையைத் தின்கிற பூஞ்சைப் பொடி ஒன்றை வாங்கி, மக்கிய சாணி எருவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி, இரண்டு வாரம் கைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். "பொடிக்குத் தாலாட்டுப் பாடலையா?" என்று இசக்கிராஜா கேட்டார். அவள் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

புரட்டாசியில் பத்தே பத்துத் தக்காளிச் செடியைச் சோதனைக்கு நட்டு, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்கிடையில் பண்பொழியில் மகள் ஆனந்தவள்ளிக்கு வளைகாப்பு. சம்பந்தி நம்பிராஜன் அங்கே நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். பந்தியில் அத்தனை பேருக்கு முன்னால், "மச்சான், இந்தத் தடவை உங்க தக்காளிக்கு நாத்து என் பொறுப்பு" என்று அறிவித்துவிட்டார். முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது. "நாத்து வந்ததும் வேரைப் பாக்காம மண்ணுல வைக்கக்கூடாது, கேட்டீங்களா?" என்று வீட்டில் நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் இசக்கிராஜா தலையாட்டினார்.

ஐப்பசியில், பிள்ளைத்தாய்ச்சி மகளைத் தென்காசி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேர்த்து வைத்திருந்துவிட்டுத் திரும்பினால், வயல் முழுக்கத் தக்காளி நாற்று வரிசை கட்டி நிற்கிறது. இசக்கிராஜா வரப்பில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்தியாட்டி? நாலு ஆளை விட்டு ஒரே பகல்ல முடிச்சுட்டேன். நீ வந்து கஷ்டப்பட வேண்டாம்னுதான்."

அவள் ஒரு நாற்றைப் பிடுங்கி வாளியில் அலசினாள். முடிச்சு. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதிலும் முடிச்சு.

"வேரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கடலை வேருலயும்தான் முடிச்சு இருக்கு. அது சத்துன்னு சொல்லுவாங்கள்லா?"

"கடலை முடிச்சு விரலு பட்டா உதிரும். இது வேரே வீங்கினது. சவத்த, நாலு தடவ சொன்னேனே!"

"சம்பந்தி சபையில வாக்குச் சொல்லிக் குடுத்த நாத்து. அதைக் கொண்டுவந்த அவரு ஆளுககிட்டயே திருப்பிக் குடுத்துவிடச் சொல்லுதியா? பொண்ணைக் குடுத்த எடம்ட்டி."

அவள் அங்கேயே நின்று பண்பொழிக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, நாத்து வேரெல்லாம் முடிச்சா இருக்கே?"

நம்பிராஜன் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் தங்கச்சி. பண்ணை மண்ணு கெட்டுப்போச்சு. எங்க வயலுக்கே வெளியில வாங்கித்தான் நட்டேன்."

"பெறகு எதுக்கு அனுப்புனீங்க?"

"அத்தனை பேரு முன்னால சொல்லிட்டேன்லா. குடுக்காம இருந்தா மச்சான் என்ன நெனைப்பாரு?"

ஒருத்தர் தெரிந்தே கொடுத்திருக்கிறார். இன்னொருத்தர் பார்த்துக்கொண்டே வாங்கி நட்டிருக்கிறார். இரண்டு பேருடைய கௌரவமும் பத்திரமாக இருக்கிறது. அவளுடைய ஒரு வருஷம்தான் போய்விட்டது. போனை வைத்தாள். முட்டிக்கொண்டு வந்த கண்ணீரைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் சேறு.

இசக்கிராஜா கனைத்தார். "அப்போ... முடிச்சு வந்துட்டுல்லா? பேசுனபடி குருணை..."

"தாராளமா போடுங்க. ஆனா இந்தப் புழு என் மண்ணுலருந்து வரல. ஒங்க ரெண்டு பேரு மரியாதையிலருந்து வந்திருக்கு. அங்கன போய்த் தூவுங்க!"

இருபது வருஷம் எல்லையில் நின்ற மனுஷருக்கு அவள் முகத்துக்கு நேராக நிற்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். "வேரோட எடுக்கணுமா?" என்று கேட்டார்.

"வேரோடதான். ஒரு நூலு வேரு உள்ள நின்னாலும் நாளைக்கும் நீங்கதான் தோண்டணும்" என்றாள் முத்துச்செல்வி.