இடதுகைப் பக்கம் மாட்டிய மைக்

துறையில் எங்கள் அக்காவுக்குக் கம்பிக்காரி என்று பேர். படகுகளுக்கு ரேடியோ மாட்டுவது அவள் தொழில். அதே கொட்டகையில், பக்கத்து மேசையில் கிழிந்த படகுப் பாய் தைக்கிறவள் நான், அவள் தங்கை. அவள் வாயை நாள் முழுக்கச் சகித்துக்கொள்கிறவள் என்பதால் சொல்கிறேன்: அவளை மிஞ்சின பிடிவாதக்காரி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும்.

ஒரு ஒயர் லேசாக ஆடினால் போதும், வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பாய்மர உச்சியில் ஆன்டெனா, அங்கிருந்து கேபினுக்குள் இறங்கும் கேபிள், பேட்டரிப் பக்கம் ஃபியூஸ், போட்ட துளைக்கெல்லாம் தண்ணீர் புகாத பசை. கடைசியில் ஒரு சோதனை. மைக்கை மாட்டிவிட்டுக் காம்பஸ் முள் நகர்கிறதா என்று பார்ப்பாள். கையில் பிடித்துப் பேசுகிற அந்த மைக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. ஸ்பீக்கர் என்றால் உள்ளே காந்தம். காந்தம் பக்கத்தில் வந்தால் காம்பஸ் பொய் சொல்லும். "என் படகு, எனக்கு எங்க தோணுதோ அங்க மாட்டு" என்று எந்தப் படகுக்காரராவது சொன்னால், "அப்ப நீங்களே மாட்டிக்குங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளின் புருஷன் படகில் மட்டும் ரேடியோ இல்லை. மாமாவிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு. தனியாகப் போய் மீன் பிடித்து வருவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. "கடல்ல எனக்கு எதுக்குப் பேச்சு?" என்பார். இதைச் சொல்லியே வருஷக்கணக்காகத் தட்டிக் கழித்தார். அக்கா சண்டை போட்டு, சாப்பிடாமல் படுத்து, ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

கேபின் வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் காம்பஸ். அதனால் மைக் தொங்கும் கொக்கியை வலப்பக்கம் அடித்தாள். சோதித்தாள், முள் நகரவில்லை. மாமா சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்கு எல்லாம் இடது கைதான். மைக்கை எடுக்க உடம்பை முறுக்க வேண்டியிருந்தது. முறுக்கிக்கொண்டே எடுத்துப் பார்த்தார். ஆனால் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றி இடப்பக்கம் மாற்றிவிட்டாள். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் மறுபடி சோதிக்க மறந்தாள், புத்திசாலி.

மறுநாள் அவர் கிளம்பின பிறகு மூடுபனி இறங்கியது. எதிரே நிற்கிற கிரேன்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. துறைக் காவலர் விட்டு விட்டு ஊதுகிற ஹாரன் மட்டும் கேட்டது. கொட்டகையில் சோதனைக்கு வைத்திருக்கிற ரேடியோவை அக்கா விட்டு நகரவில்லை.

"நான்தான்" என்று மாமா குரல் வந்தது. "மேற்கேதான் வர்றேன். ஆனா அலை உடையற சத்தம் முன்னால கேக்குது."

துறை அவருக்கு மேற்கே. அலை உடைவது தென்மேற்கில் இருக்கிற பாறைகள்மேல்.

"காம்பஸ் என்ன காட்டுது?"

"அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பேச மைக்கை எடுத்தா தென்மேற்குங்குது. மாட்டினா ஒழுங்கா மேற்குக்கு வந்துடுது."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மாட்டியிருக்கும்போது காட்டுவதுதான் பொய். மனுஷன் அந்தப் பொய்யை நம்பிப் பாறையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"மாட்டாதீங்க! மைக் தள்ளி இருக்கும்போது காட்டுறதுதான் நிஜம். வடக்கே திருப்புங்க!"

"நீதானே மாட்டினே?"

"ஆமாங்க, நான்தான் தப்பா மாட்டிட்டேன். திருப்புங்க!"

அக்கா வாயிலிருந்து 'தப்பு' என்ற வார்த்தை வந்து நான் கேட்டதேயில்லை. மாமாவும் கேட்டதில்லை போல. மறுகேள்வி போடாமல் திருப்பத் தயாரானார்.

"பாயைத் திருப்பணும். ரெண்டு கையும் வேணும். இதை எங்க வைக்க?"

"ஒயர் எட்டுற வரைக்கும் பின்னால இழுத்து, அது மேலயே உக்காருங்க!"

உட்கார்ந்தார். மைக்கின் பட்டனும் சேர்ந்து அமுங்கியது. பட்டன் அமுங்கியிருக்கிற வரைக்கும் அவர் பக்கத்துச் சத்தமெல்லாம் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் கத்துவது ஒன்றும் அவருக்குக் கேட்காது. அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

"எந்திரிங்க! யோவ், எந்திரிய்யா!" என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். பாய் படபடவென்று அடித்தது. அலைச் சத்தம் இரைச்சலாகி, இரைச்சல் காதை அடைத்தது. "போச்சு, போச்சு" என்றார் மாமா. எதுவோ இடித்தது. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மீட்புப் படகுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று காவலர் வந்து சொன்னார். பனியில் அவர்கள் ஊர்ந்து போய் எப்போது சேர்வது?

அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம்.

"தண்ணி உள்ள வரல. நல்லவேளை." தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "வடக்கே... ம், வடக்கேதான். தப்பா மாட்டிட்டாளாம். என் கைக்காகத்தானே மாத்தினா? வாயைத் திறந்து கேட்டேனா? கேக்காமலே செஞ்சா. என்னிக்காவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா அவகிட்ட? கட்டை மாதிரி உக்காந்திருக்கேன். கரை சேர்ந்தா சொல்லணும்."

துறையில் ரேடியோ வைத்திருந்த அத்தனை படகிலும் அது கேட்டது. அக்கா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "இனி மேற்கே" என்று முணுமுணுத்தார். ரொம்ப நேரம் கழித்து, ஜன்னல் வழியாகக் கேட்கிற ஹாரன் சத்தம் ரேடியோவுக்குள்ளிருந்தும் கேட்டது. கிட்டத்தில் வந்துவிட்டார்! இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம்.

முன்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகை பிளந்து, படகு துறைச் சுவரை உரசிக்கொண்டு வந்தது. இறங்கினவர் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து முழித்தார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"என்னத்தை?"

"கரை சேர்ந்தா சொல்லணும்னீங்களே."

மாமா என்னைப் பார்த்தார். "பட்டன் மேல உக்காந்துட்டீங்க மாமா. துறையே கேட்டுச்சு" என்றேன். நாலு பேர் முன்னால் தும்மக்கூடக் கூச்சப்படுகிற மனுஷன். காது வரைக்கும் சிவந்துபோனார். பேச்சை மாற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பயந்துட்டேன்டி" என்றார், அத்தனை பேர் முன்னாலும். "உன் முகத்தைப் பாக்காமலே போயிடுவேனோன்னு பயந்துட்டேன்."

அக்கா அவருடைய ஈரச் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்!