சானமாவு சேற்றில் ஒரு கைதட்டல்

எங்கள் ஓசூர் கம்பெனிக்கு விருந்தாளியாக வந்த மார்கஸ், அமெரிக்கன் ஃபுட்பாலைத் தொழிலாக ஆடி ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெரிய உடம்பு; ஸ்டாஃப் பஸ் கதவில் பக்கவாட்டில்தான் நுழைந்தார். டிரைவர் மாதப்பாவுக்கு ஆங்கிலம் வராததால் நான்தான் மொழிபெயர்ப்பு.

"எத்தனை கோல் போட்டாராம், கேளுங்க மேடம்."

"கோலே போட்டதில்லையாம். முன்வரிசையில நின்னு எதிர் டீம்காரங்களைத் தள்ளுவாராம்."

"தள்றதுக்கா சம்பளம்?"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

சானமாவு காட்டருகே பஸ் சேற்றில் சிக்கியது. யானை நடமாடும் இடம் என்பதால் யாரும் இறங்கவில்லை. மார்கஸ் மட்டும் இறங்கிப் பின்பக்கம் போனார். குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பயங்கரமாக உறுமிக்கொண்டே பஸ்ஸை முட்டித் தள்ளினார்.

"ஐயோ, ஆனை!" என்று அலறிய மாதப்பா ஆக்சிலேட்டரை மிதிக்க, பஸ் துள்ளி மேலேறியது.

உடம்பெல்லாம் சேறாகத் திரும்பியவரைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். மார்கஸின் கண் கலங்கிவிட்டது.

"நான் எதிராளியைத் தள்ளி வழி உண்டாக்குவேன். பின்னால பந்தோட ஓடி வர்றவனுக்குத்தான் எப்பவும் கைதட்டுவாங்க" என்றார்.

அதை மாதப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். இப்போதெல்லாம் எந்த மேட்ச் பார்த்தாலும், பந்து இல்லாதவர்களைத்தான் என் கண் தேடுகிறது.