மாமாவுக்கு நெய், அப்பாவுக்கு ஓட்ஸ்

ஊரே பட்டினி கிடந்த ஒரு காலை எனக்கு இன்னும் கனவு மாதிரி ஞாபகம் இருக்கிறது. ஊர் என்றால் மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம். மார்கழிப் பனி விலகாத ஞாயிற்றுக்கிழமை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் குடியிருப்போர் சங்கத்தார் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைத்திருந்தார்கள். காலையில் காபிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பெரியவர்கள் எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள்போல வரிசையில் நின்றார்கள். எந்த வீட்டிலிருந்தோ வெண்பொங்கல் தாளிக்கும் வாசனை மிதந்து வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதை ஆழமாக இழுத்தார். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், பாதித் தூக்கத்தில் அவர் லுங்கியைப் பிடித்தபடி நின்றேன்.

அப்பாவுக்கு நல்ல பருமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், கடைசல் பிடித்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. அளவில் எவ்வளவு கண்டிப்போ, சாப்பாட்டில் அவ்வளவு தாராளம். அவருக்குப் பின்னால் நின்ற மாமா அதற்கு நேர் எதிர். சட்டையை ஆணியில் மாட்டினாலும் மாமா மேல் மாட்டினாலும் ஒன்றுதான் என்று அப்பா கேலி செய்வார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கணினிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

மாமாவின் மேல் இமைகளில், மூக்கை ஒட்டி, மஞ்சளாக இரண்டு சிறு திட்டுகள் உண்டு. அவர் தூங்கும்போது நான் விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பேன். சந்தனம்போல ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பேன், ஒட்டாது. தாத்தாவுக்கும் அதே இடத்தில் அப்படியே இருந்ததாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

முடிவுகள் வந்தன. அப்பாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. மாமாவுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறியிருந்தது, உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று சிவப்பில் அச்சிட்டிருந்தார்கள். அம்மா வாசித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கட்டடமே சிரித்தது. இரண்டு பேர் ரத்தமும் மாறிப்போய்விட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் காவலாளி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“அவசரத்துல மாத்தி எய்திக்கினான்மா. ரெண்டு பேரையும் பாத்தாலே தெர்ல? இவரு காத்தடிச்சா பறந்துடுவாரு, இவருக்குப் போயி இன்னா கொழுப்பு கீது!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சமையல். அப்பாவுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் ஏரிப் பக்கம் நடை. மாமாவுக்கோ நேர்மாறு. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஒரு பெண் வீட்டார் அவர் போட்டோவைப் பார்த்து, பையன் ரொம்ப ஒல்லி என்று உதட்டைப் பிதுக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. தோசைக்கு நெய், சாதத்துக்கு நெய், பருப்புக்கு மேல் இன்னும் ஒரு கரண்டி நெய். பூந்தமல்லியில் பாய் கடை ஆட்டுக்கால் பாயா, சில ஞாயிறுகளில் மூளை வறுவல். அக்கா வைத்ததை வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வராது. அப்பா தன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே அந்தத் தட்டைப் பார்ப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும், எனக்குச் சிரிப்பும் வரும்.

அப்பா சும்மா இருக்கவில்லை. ரிப்போர்ட் மாறவில்லை என்று தினமும் வாதாடினார்.

“எங்க பட்டறைல ஒரு அளவுமேல சந்தேகம் வந்தா, சிரிச்சுட்டுப் போக மாட்டோம். மறுபடியும் அளப்போம். மாப்ளைய ஒருதடவை கூட்டிட்டுப் போயி பாத்துடலாமே?”

“மறுபடி அளந்தா உங்களுக்கு நெய் வரும்னு நெனப்பு. பூனை கருவாட்டுக்குக் காவல் இருந்த மாதிரி, எந்நேரமும் அவன் தட்டுமேலயே கண்ணு!” என்றாள் அம்மா.

அதற்குமேல் அப்பா வாயைத் திறந்தாலே சோற்றுக்கு அலைகிறார் என்ற பேர்தான் மிஞ்சியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை அதிகாலை, எனக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்டப்போவதாகச் சொல்லி, அப்பா என்னையும் மாமாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முன்னால் நான், நடுவில் அப்பா, பின்னால் இருக்கிற இடத்தில் மாமா. வழியில் பூந்தமல்லியில் நிறுத்தினார்கள். மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குள் போய்த் திரும்பினார். மத்தியானம் முடிவு வரும் என்றார்கள். வீட்டில் சொல்லக்கூடாது என்று அப்பா எனக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அதுவரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்து நிறைந்த ஏரி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எதிர்க்கரையில் கிடங்குகளின் தகரக் கூரைகள் வெயிலில் மின்னி, அங்கே இன்னொரு ஏரி இருப்பதுபோலத் தோன்றின. நான் அப்பா மடியில் படுத்துக்கொண்டு அந்த இரண்டாவது ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு எனக்கு மேலே, தூரத்தில் கேட்டது.

“அத்தான், அது எனக்குத்தான்னு வந்துட்டா?”

“வந்தா வைத்தியம் பாப்போம் மாப்ள. தெரியாம இருக்கறதுதான் பயம்.”

அந்த வெயிலில், அந்தக் காற்றில், நான் தூங்கிப்போனேன். அதைவிடச் சுகமான தூக்கம் எனக்கு அப்புறம் வாய்த்ததில்லை.

மத்தியானம் ஒரு டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். முடிவு அப்படியே இருந்தது, மாறவில்லை. அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் இமைகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

“இந்தத் திட்டு உங்க வீட்ல வேற யாருக்காவது உண்டா?”

“எங்க அப்பாவுக்கு இருந்துச்சு.”

“அவர் எப்படி இறந்தார்?”

“மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கல. நல்ல சாவுன்னு ஊர்ல சொன்னாங்க. இப்ப எங்க அக்காவுக்கு இருக்கிற வயசுதான் இருக்கும்.”

டாக்டரம்மா தாளின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். கொலஸ்ட்ரால் என்பது விஷம் இல்லை, அது இல்லாமல் உடம்பே கட்டமுடியாது. ஈரல் அதைத் தானே செய்கிறது, மிச்சத்தை ரத்தத்திலிருந்து தானே எடுத்தும் விடுகிறது. சில குடும்பங்களில் அந்த எடுக்கிற வேலை பிறவியிலேயே மந்தம். அப்போது மிச்சமெல்லாம் ரத்தக் குழாயில் படிந்துகொண்டே போகும், ஆள் ஒல்லியா குண்டா என்று பார்க்காது. நெய்யையும் கறியையும் குறைக்கவேண்டும், நடக்கவேண்டும், ஆனால் அவை மட்டும் போதாது, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடவேண்டும். அக்காவுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார். செய்தோம். நல்லவேளை, அம்மாவுக்கு அது இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அப்பா விஷயத்தைச் சொன்னபோது, ஏரிக்கு என்று மட்டும் சொல்லிப் போனதற்காகக்கூட அம்மா கோபப்படவில்லை. மாமாவை உட்காரவைத்து, அவர் முகத்தைக் கையில் ஏந்தி, அந்த மஞ்சள் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையா நான் எங்க அப்பா அழகுன்னு கொண்டாடிட்டிருந்தேன்? என் கையாலயே உனக்கு...” என்று தொடங்கியவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மாமாவுக்குக் கஞ்சி. அப்பா முன்னால், முந்திரி போட்டு, நெய் மிதக்கும் வெண்பொங்கல். பழி துடைத்துக்கொண்டவருக்கு அம்மா செய்த மரியாதை அது. அப்பா அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, “எனக்கும் கஞ்சியே ஊத்து” என்றார்.

“உனக்குத்தான் ஒண்ணும் இல்லியேப்பா?” என்று நான் கேட்டேன்.

“பழகிடுச்சு பாப்பா. இப்பல்லாம் எனக்கு இதான் பிடிக்குது.”

மாமா கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோகும்வரை அப்பா அதையேதான் சாப்பிட்டார். சாயங்கால நடையும் இருவரும் சேர்ந்துதான். மாமா இன்றும் ஒல்லிதான். தாத்தா பார்க்காத வயதையெல்லாம் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

அந்த வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு, அவருக்கு ரொம்பப் பிடித்ததைத்தான் வாங்கித் தரவேண்டும் என்று அம்மாவை நச்சரித்து, ஒரு பெரிய ஓட்ஸ் பொட்டலம் வாங்கி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அப்பா பிரித்துப் பார்த்து, அடேயப்பா என்று என்னைத் தூக்கிக்கொண்டார். அப்போதே கஞ்சி வைக்கச் சொல்லி, பிறந்தநாள் கேசரியைத் தொடாமல், என் எதிரில் ஒரு கிண்ணம் முழுதும் ரசித்துக் குடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும், குடித்துக்கொண்டிருந்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என் பரிசு மாமாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.