மாப்பிள்ளையின் கப்பல்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளைக்குக் கப்பலில் உத்தியோகம் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். போர்க்கப்பலில் சமையல்காரர் என்பதில் சமையலை மட்டும் நைனா விழுங்கிவிடுவார். செங்கல்பட்டு ஸ்டேஷனில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய மனிதருக்கு, மருமகன் வழியாக ஒரு கப்பல் வந்து சேர்ந்ததும் தலைகால் புரியவில்லை. மாதா கோயிலில், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலை எங்களுக்கு முதல் தடவை வாசிக்கப்பட்ட அன்று, சாமியாரையே வழிமறித்து, "பீரங்கிக் கப்பலுங்க சாமி" என்றார்.

அந்த வாரம்தான் மாமல்லபுரத்தில் தண்டோரா போட்டார்கள். கடற்படை ஒரு பழைய போர்க்கப்பலைக் கடலில் நிறுத்தி, அதைச் சுட்டு மூழ்கடித்துப் பழகப் போகிறது. யாரும் மீன்பிடிக்கப் போகக் கூடாது. சேதி எங்கள் ஊருக்கு வந்ததும் நைனா விடுவாரா? லீவில் வந்திருந்த மாப்பிள்ளையையும் சேர்த்து எங்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எது என்ன பீரங்கி என்று மாப்பிள்ளை விளக்குவார், ஜனங்கள் வாய் பிளந்து கேட்பார்கள், தான் பக்கத்தில் நிற்கலாம் என்பது அவர் கணக்கு.

கடற்கரையில் திருவிழாக் கூட்டம். நான் அம்மாவோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சாம்பல் நிறத்தில் கப்பல் நின்றது. மாப்பிள்ளை அதை ஒரு முறை பார்த்தார். அதன் பிறகு நைனா எதைக் கேட்டாலும் "ம்" என்றார். மனுஷனுக்குப் பேச்சே வராதோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. அடுத்ததும் தண்ணீரில்தான். அவர் ரகசியமாகக் கை தட்டியதை நான் பார்த்தேன். நைனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா சுடுறீங்க! முழுவற மாரி அடிங்கடா!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

அப்புறம் குண்டுகள் பட ஆரம்பித்தன. கப்பல் வெகுநேரம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒருக்களித்துச் சாய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கூட்டம் விசிலடித்தது. நைனா துண்டைச் சுழற்றி ஓர் ஆட்டமே போட்டுவிட்டுத் திரும்பினால், மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"இன்னா மாப்ள, கப்பல் கவுந்த மாரி குந்திகினு கீறீங்க?"

"கவுந்துதான் போச்சு மாமா. அது என்னோட கப்பல்."

நைனாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. "அப்போ உத்தியோகம்?"

"அதுவும் போச்சு. கப்பல் பழசாயிடுச்சுன்னு ஒதுக்கனப்பவே, காண்ட்ராக்டு ஆளுன்னு என்னையும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. சொன்னா பொண்ணு தர மாட்டீங்கன்னு லீவுன்னு சொன்னேன்." சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நான் சோறாக்குன அடுப்பு மாமா. அதுவும் அதோட போச்சு."

பொய் சொன்னதற்கு எனக்குக் கோபம்தான். ஆனால் ஓர் அடுப்புக்காக ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் விசும்பி அழும் ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்யாணமே வாணாம். அடுத்த ஓலைய வாசிக்க வாணாம்னு சாமியாரு கைல சொல்லிடறேன். கப்பலே முழுவிப் போச்சு, இனிமே இன்னா கீது?"

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எதிரில் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"கப்பல்தான நைனா முழுவுச்சு? அவுரு கரைலதான கீறாரு."