ஊதா ஓரத்தில் இரண்டு கோடுகள்

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காக ஒரு சிறிய இயந்திரம் வைத்திருக்கிறோம். எஃகுக் கலத்துக்குள் ஹைட்ரஜனைச் சூடாக்கினால் பிளாஸ்மாவாகி ஒளிரும். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று கோடுகள் போடும். உள்ளே அழுக்கு இருந்தால் பிளாஸ்மா குளிர்ந்துவிடும். என்ன அழுக்கு என்று கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கலத்துக்குள் மாட்டும் தாங்கி ஒன்றை மண்ணூர்பேட்டையில் என் பள்ளித் தோழனின் பட்டறையில் செய்தோம். சிபாரிசு நான்தான். மாட்டிய பிறகு திரையில் ஊதா ஓரத்தில் இரண்டு கோடுகள். கால்சியம். அதற்கு அங்கே என்ன வேலை? "மறுபடி வந்தால் வேறு பட்டறை" என்று சொல்லிவிட்டார் துறைத்தலைவர்.

எரிச்சலோடு பட்டறைக்குப் போனேன். யாருக்கோ முடித்து வைத்த பாகம் மேசையில் இருந்தது. அதன் மேல் அழகாக மூன்று விபூதிப் பட்டை.

"இதான்டா! இதுல இருக்கறது கால்சியம். உன் பட்டைதான் என் பிளாஸ்மாவக் கெடுக்குது."

"இன்னா மச்சான் கத்திகினு வர்ற? தொட்ச்சித்தான குட்தேன்?"

"திருகு மாட்டுற மரை ஓட்டைக்குள்ள எவன் தொடச்சான்?"

"பட்டை போடாம ஒண்ணும் வெளிய போவாது. சாமி கோச்சிக்கும்."

"துறைத்தலைவர் கோச்சிக்கினாரு. மறுபடி கோடு வந்தா வேற பட்டறைக்குப் போறாராம்."

அவன் முகம் தொங்கிவிட்டது. சூரியன் மாதிரி ஒன்றைச் செய்கிற இடத்துக்குத் தன் கையால் பாகம் போகிறது என்று தன் ஊரான ஆவடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான், மடையன். எனக்கும் பாவமாக இருந்தது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

புதிய தாங்கி செய்தான். ஓட்டை ஓட்டையாகக் கழுவி, உறையில் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் வைத்தான். பட்டையைப் பெட்டியின் மேல் போட்டான். மீதியை என் நெற்றியில் இழுத்தான்.

"உன் நெத்தி மிஷினுக்குள்ள போவாதே?"

சோதனையன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து என் பின்னால் நின்றான். திரையில் ஊதா ஓரம் வெறுமையாக இருந்தது. துறைத்தலைவர் தலையாட்டிவிட்டு, அடுத்த பாகத்தின் வரைபடத்தை அவனிடம் நீட்டினார்.

அவர் போனதும் மெதுவாகக் கேட்டான்.

"நம்ம பட்டையோட ஒரு சின்னக் கோடுகூட இல்லியா மச்சான்?"

"இல்லடா."

"சரி வுடு" என்றான், திரையைப் பார்த்தபடியே. குரலில் லேசான வருத்தம். இவனை என்ன செய்வது? டீ வாங்கிக் கொடுத்தேன்.