குசினியில் ஒரு தலைமையுரை

"தலைவரா ரஞ்சினி அக்காவை முன்மொழியிறன்."

நேற்று உடுவிலில், மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு இளம்பெண் எழும்பி என் பெயரைச் சொன்னதும், எனக்குப் புட்டு அவியும் வாசம் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் தாய்மாரையும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திக் கூட்டம் நடத்தப் பழக்கினார்கள். அங்கே பழகியதை அம்மா வீட்டில் ஒத்திகை பார்ப்பார். குசினியில் புட்டு அவித்தபடி, "சபையோருக்கு வணக்கம்" என்று தொடங்குவார். சபை நான்தான்.

"அம்மா, நிலத்தைப் பாக்காதேங்கோ. என்னைப் பாத்துக் கதையுங்கோ."

"நீ சிரிக்கிறாய். எப்பிடிப் பாக்கிறது?"

நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அம்மாவைத் தலைவராக முன்மொழிந்தார்கள். தலைமையுரை முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் கேட்டவுடன் சம்மதிப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போட வந்தாலும் முதலில் கையால் இலையை மறைப்போம்.

"எனக்கென்னத்துக்கு? வேறை ஆரையும் போடுங்கோ," என்றார் அம்மா.

சொல்லிவிட்டு, வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்தார். கூட்டத்தை நடத்திய அதிகாரி வெளியூர்க்காரர். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கேட்டார்.

அதன்பிறகு குசினியில் புட்டு மட்டும்தான் அவிந்தது. வணக்கத்திலிருந்து நன்றியுரை வரை எல்லாம் பழகியிருந்தோம். 'ஓம்' என்று சொல்ல மட்டும் பழகவில்லை.

நேற்று எல்லோரும் நான் மறுப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"ஓம், செய்யிறன்," என்றேன்.

"உவவுக்குச் சரியான ஆசை போல," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.